எண்ணிக்கை பெருகினால் போதுமா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மைசூரில் குடியிருக்கும் நமக்கென்று ஒரு வாடிக்கையான சுற்று உண்டு. முதல் நாள் அரண்மனையும் சாமுண்டி மலையும், மாலையில் பிருந்தாவனம், மறுநாள் காலை குழந்தைகளின் பிடிவாதத்துக்காக மிருகக்காட்சி சாலை. 1892-இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கி, 1909 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கும் அந்தத் தோட்டம் நாட்டின் மிகப் பழைய காட்சிசாலைகளுள் ஒன்று. சிங்கத்தையும் புலியையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அழிஞ்சு போற ஜாதியாமே!" என்று பெரியவர்கள் சொல்ல, வேர்க்கடலைப் பொட்டலம் காலியாவதற்குள் நாம் அடுத்த இடத்துக்கு நகர்ந்து விடுகிறோம்.

அழிந்து போகவில்லை என்பதுதான் நல்ல செய்தி. 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள் இருந்தன. 2006-இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள் 2022-இல் 3,682 ஆயின. அதில் கர்நாடகத்தின் பங்கு 563, தமிழ்நாட்டின் பங்கு 306. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு 2025-இல் தமிழகப் பகுதியில் மட்டும் 1,303 என்று எண்ணப்பட்டது. இவை எல்லாம் மகிழ வேண்டிய செய்திகளே. இதற்காக உழைத்த வனத்துறையினரும் விஞ்ஞானிகளும் காடுசார்ந்த மக்களும் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால் தலைகளை எண்ணுவது ஒன்று. அந்த உடல்களுக்குள் இருக்கும் மரபுச் செல்வத்தை எண்ணுவது வேறு ஒன்று. முதல் கணக்கில் லாபம் காட்டும் ஓர் இனம், இரண்டாவது கணக்கில் இன்னும் கடனாளியாகவே இருக்கக்கூடும். இந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்கும் நாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் சாலைக்கும் தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நவதானியப் பானை

நம் வீடுகளில் முளைப்பாலிகைக்கு நவதானியம் கலந்து வைப்பது வழக்கம். ஒரு பானை நிறைய ஒன்பது தானியமும் கலந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நெல்லும் பயறும் நிறைய. எள் மட்டும் கொஞ்சமே கொஞ்சம். பானை கவிழ்ந்து எல்லாம் வீணாகி, ஒரு சிட்டிகை மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சிட்டிகையில் நெல் இருக்கும், பயறும் இருக்கும். எள் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மிஞ்சியதை விதைத்து, அறுத்து, மறுபடியும் பானையை நிரப்பலாம். பானை பழையபடி நிரம்பி விடும். ஆனால் எள் திரும்பி வராது.

இதையே விஞ்ஞானிகள் 'புட்டிக் கழுத்து' என்கிறார்கள். அகன்ற புட்டியிலிருந்து குறுகிய கழுத்தின் வழியாகச் சில மணிகள் மட்டும் வெளியே வருவது போல, பெரிய இனம் ஒன்று வேட்டையாலோ நோயாலோ காடழிப்பாலோ ஒரு சில விலங்குகளாகச் சுருங்கி, பிறகு அந்தச் சிலவற்றிலிருந்தே மறுபடி பெருகுவது. நோயை எதிர்க்க ஒரு மரபணு, வறட்சியைத் தாங்க ஒரு மரபணு என்று அரிதாக இருந்தவை கழுத்தைத் தாண்டாமல் உள்ளேயே நின்று விடுகின்றன. புதிய மரபணு வகைகள் இயற்கையில் உண்டாகத்தான் செய்கின்றன. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வேண்டும்.

இரண்டாவது விளைவு நமக்கு இன்னும் எளிதாகப் புரியும். சொந்தத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் பழைய வழக்கம். அக்காள் மகளை மணக்கும் மாமனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவானவை. மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொருவர் உடலிலும் ஒன்றிரண்டு பழுதுள்ள மரபணுக்கள் மறைந்திருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று எந்த மரபணுவும் இரட்டையாக வருவதால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றி விடும். இரு பக்கமும் ஒரே பழுதைக் கொண்டு வந்தால்தான் தொல்லை. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்தால் மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். மனிதர்களுக்கு வெளியே வரன் தேட வழியுண்டு. இருபது மிருகங்களே மிஞ்சிய காட்டில் எல்லாமே பங்காளிகள். வரன் தேடிப் போக இடம் ஏது?

இதற்குக் கணக்கும் உண்டு. இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் பத்தே இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபுப் பன்மையில் 5 சதவீதம் குறையும். ஐம்பது இருந்தால் 1 சதவீதம். ஐந்நூறு இருந்தால் 0.1 சதவீதம். பத்து விலங்குகள் ஒரு தலைமுறைக்குள் பெருகிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. 95 சதவீதம் மிஞ்சும். அதே பத்து, பத்துத் தலைமுறைகள் பத்தாகவே இருந்தால் 40 சதவீதம் போய்விடும். எத்தனை சுருங்கியது என்பதைப் போலவே, எத்தனை காலம் சுருங்கிக் கிடந்தது என்பதும் முக்கியம். இதை நினைவில் வைத்துக் கொண்டால் கீழே வரும் கதைகள் எல்லாம் விளங்கும்.

கிர் காட்டுக் கதை

ஒரு காலத்தில் மேற்காசியாவிலிருந்து வட இந்தியா வரை பரவியிருந்த ஆசியச் சிங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சௌராஷ்டிரத்தின் கிர் காட்டுக்குள் ஒடுங்கியது. இருபதுக்கும் குறைவாகவே மிஞ்சின என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கு மிகக் குறைவு என்று வாதிப்பவர்களும் உண்டு. எப்படியாயினும், ஜூனாகட் நவாப் வேட்டைக்குத் தடை விதித்துக் காத்திராவிட்டால் இன்று ஆசியாவில் காட்டுச் சிங்கமே இருந்திராது. 1968-இல் 177 இருந்தன, 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891.

1980-களில் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஓபிரையனும் அவருடைய குழுவினரும் மூன்று கூட்டத்துச் சிங்கங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று, ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியின் பெரிய கூட்டம். இரண்டாவது, பக்கத்திலேயே ஓர் எரிமலைக் குழிக்குள் வாழும் ங்கொரோங்கொரோ கூட்டம். 1962-இல் கடி ஈக்களின் படையெடுப்பால் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்து பிறகு பெருகியது அது. மூன்றாவது கிர் சிங்கங்கள். விந்தணுக்களில் குறைபாடுள்ளவை செரெங்கெட்டியில் ஏறத்தாழ 25 சதவீதம், எரிமலைக் குழியில் 50 சதவீதம், கிரில் 66 சதவீதம். கழுத்து குறுகக் குறுக, பழுது ஏறிக்கொண்டே போனது. பரிசோதித்த இரத்தப் புரதங்களில் கிர் சிங்கங்களுக்குள் வேறுபாடே தென்படவில்லை. 2020-இல் முழு மரபுத் தொகுதியையும் படித்த ஆய்வும் இந்தியச் சிங்கங்களின் மரபுப் பன்மை மிக மிகக் குறைவு என்றே உறுதி செய்தது.

"அப்படியானால் சிங்கம் எப்படிப் பெருகுகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரபுப் பன்மை குறைந்த இனம் உடனே அழிந்து விடுவதில்லை. எல்லாம் நன்றாக நடக்கும் வரை அது பெருகவே செய்யும். சோதனைக் காலம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். எல்லோரும் ஒரே மாதிரியான எதிர்ப்புச் சக்தி உடையவர்களாக இருந்தால், ஒருவரைச் சாய்க்கும் நோய் எல்லோரையும் சாய்க்கலாம். 1994-இல் செரெங்கெட்டியில் நாய்களிடமிருந்து பரவும் 'டிஸ்டெம்பர்' வைரஸ் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களைப் பலி கொண்டது. அது அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதியிருந்தவை மீண்டு வந்தன. 2018 செப்டம்பர், அக்டோபரில் அதே வைரஸ் கிரின் தல்கானியா சரகத்தில் நுழைந்தது. சில வாரங்களில் 23 சிங்கங்கள் மாண்டன. நல்வாய்ப்பாக நோய் அந்தச் சரகத்தோடு கட்டுப்படுத்தப்பட்டது. எல்லா முட்டைகளும் ஒரே கூடையில் இருக்கின்றனவே என்ற கவலை அன்று பலருக்கும் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குச் சில சிங்கங்களை அனுப்ப வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் அது நடக்கவில்லை. 2022-இல் அந்தக் குனோவில் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள்தான் இறங்கின.

சிங்கக் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. வெளிநாட்டுக் காட்சிசாலைகளில் 'ஆசியச் சிங்கம்' என்று வளர்க்கப்பட்டவற்றின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, மூதாதைகளில் சில ஆப்பிரிக்கச் சிங்கங்கள் என்று தெரிந்தது. நம் நாட்டிலும் சர்க்கஸ் கம்பெனிகளின் ஆப்பிரிக்கச் சிங்கங்களோடு கலந்து பிறந்தவை பல காட்சிசாலைகளில் இருந்தன; சண்டிகர் அருகேயுள்ள சத்பீர் அதற்குப் பெயர் போனது. அவற்றின் இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் கலப்பே இல்லாமல் வறண்ட இரத்தம், இன்னொரு பக்கம் கணக்கில்லாமல் கலந்த இரத்தம் என்று இரண்டு விதமான சிக்கலையும் இந்த ஒரே மிருகம் கண்டுவிட்டது.

வெள்ளைப் புலியும் கறுப்புப் புலியும்

குழந்தைகள் எந்தக் காட்சிசாலையிலும் அதிக நேரம் நிற்பது வெள்ளைப் புலியின் முன்தான். அதன் வரலாறு சோகமானது. 1951 மே மாதம் மத்திய இந்தியாவின் ரேவா சமஸ்தானத்துக் காட்டில் மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக் குட்டியைப் பிடித்து 'மோகன்' என்று பெயரிட்டார். பேகம் என்ற சாதாரணப் பெண் புலியோடு சேர்த்தபோது பிறந்த குட்டிகள் எல்லாம் மஞ்சள். பிறகு மோகனை அதன் சொந்த மகளான ராதாவோடு சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகின் வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் இந்த வம்சம்தான். வெள்ளை நிறம் என்பது நிறமி மரபணு ஒன்றில் ஏற்பட்ட சிறு மாற்றம். அதை இரட்டையாகப் பெற்றால்தான் தோன்றும். அதற்காகத் தந்தையோடு மகளையும், தமையனோடு தங்கையையும் சேர்த்ததில் மாறுகண், வளைந்த முதுகு முதலிய பல குறைகளும் கூடவே வந்தன. அமெரிக்கக் காட்சிசாலைகளின் சங்கம் வெள்ளைப் புலிகளை வேண்டுமென்றே இனப்பெருக்கம் செய்வதை 2011-இல் விலக்கி வைத்தது.

மனிதன் கூண்டுக்குள் செய்ததை, ஒரிசாவின் சிம்லிபால் காட்டில் இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. அங்கே கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து, பார்வைக்குக் கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரே ஒரு மரபணு மாற்றமே காரணம் என்று கண்டுபிடித்தது. சிம்லிபாலில் மூன்று புலிகளுக்கு ஒன்றுக்கு மேல் இப்படிக் கறுப்பு. வேறெந்தக் காட்டிலும் இது காணப்படவில்லை. புவனேசுவரத்தின் நந்தன்கானனிலும் நம் சென்னை வண்டலூரிலும் உள்ள சில புலிகளிடமும் இருந்தது. அவையும் சிம்லிபால் வம்சாவளியே. சில புலிகளிலிருந்து பெருகி, வெளியிலிருந்து வரவே இல்லாத கூட்டத்தில் அரிதான ஒன்று சாதாரணமாகி விட்டது.

கறுப்புக் கோடு தீங்கில்லாததாக இருக்கலாம். ஆனால் அதே வழியில் வேறு எது கூடியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. ஆகவேதான் 2024 இறுதியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளைச் சிம்லிபாலுக்குக் கொண்டு வந்தார்கள். ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை போலும். ஜார்க்கண்டைக் கடந்து மேற்கு வங்காளம் வரை நடந்தே போய்விட்டது. டிசம்பர் கடைசியில் மயக்க ஊசி போட்டுத்தான் திரும்ப அழைத்து வந்தார்கள்.

காண்டாமிருகம் தப்பியது எப்படி?

எல்லாக் கதையும் இப்படியில்லை. அசாமின் காசிரங்காவில் 1908-ஐ ஒட்டிய காலத்தில் பத்துப் பன்னிரண்டு ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்களே இருந்தன என்பார்கள். 2022-இல் 2,613. நேபாளத்தின் சித்வானில் 1960-களில் அறுபது எண்பதாகக் குறைந்தவை மறுபடி பெருகின. 1990-இல் சித்வான் காண்டாமிருகங்களின் இரத்தத்தைச் சோதித்தவர்கள் வியந்து போனார்கள். மரபுப் பன்மை தாராளமாக இருந்தது.

காரணம் முன்பு பார்த்த கணக்குத்தான். சுருங்குவதற்குச் சற்று முன்வரை அவை பெரிய கூட்டம். காண்டாமிருகம் நீண்ட காலம் வாழும். ஒரு தலைமுறைக்கே பல ஆண்டுகள் ஆகும். சுருங்கி, ஓரிரு தலைமுறை கழிவதற்குள்ளாகவே பாதுகாப்பு வந்து விட்டது. பானை கவிழ்ந்தாலும் பெரிய பிடியாக அள்ளி, உடனே விதைத்து விட்டார்கள். காப்பாற்றுவதென்றால் விரைந்து காப்பாற்ற வேண்டும் என்பதே இதன் பாடம்.

இதற்கு எதிர்ப்பக்கம் சிவிங்கிப்புலி. 2020 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து நம் மைசூர் காட்சிசாலைக்கு மூன்று சிவிங்கிப்புலிகள் வந்ததை அன்பர்கள் நினைவு வைத்திருப்பீர்கள். பனியுகத்தின் முடிவில், சுமார் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்த இனம் ஒரு குறுகிய கழுத்தைக் கடந்தது. விளைவு? 1980-களில் ஒரு சிவிங்கிப்புலியின் தோலை உறவே இல்லாத இன்னொன்றுக்கு ஒட்டிப் பார்த்தபோது, உடல் அதைத் தன் தோல் போலவே ஏற்றுக் கொண்டது. மனிதர்களில் இது ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையர்களுக்கிடையேதான் நடக்கும். பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்த எள் திரும்பி வரவில்லை.

எட்டு மருமகள்கள்

பரிகாரம் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா சிறுத்தை எனப்படும் பூமா இனம் 1990-களில் இருபது முப்பதாகக் குறைந்து விட்டது. வால் நுனி மடங்கியிருந்தது, இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விதைப்பை இறங்காத குறை. 1995-இல் டெக்ஸாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டு வந்து விட்டார்கள். அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. அந்தக் கலப்பில் பிறந்த குட்டிகள் அதிகமாகப் பிழைத்தன, வால் நிமிர்ந்தது, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. எட்டு மருமகள்கள் வந்து ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தினார்கள் என்று சொல்லலாம்.

இதிலிருந்து விஞ்ஞானிகள் வைத்திருக்கும் எளிய விதி: தலைமுறைக்கு ஒன்றிரண்டு புதிய விலங்குகள் வெளியிலிருந்து வந்து குட்டி போட்டாலே பெரும்பாலான சேதத்தைத் தடுக்கலாம். காட்சிசாலைகள் ஒன்றுக்கொன்று விலங்குகளை மாற்றிக் கொள்வதும் வம்சாவளிப் பதிவேடு வைத்திருப்பதும் இதற்காகவே. நம் மைசூர் காட்சிசாலை காட்டெருது, சிங்கவால் குரங்கு முதலியவற்றின் திட்டமிட்ட இனப்பெருக்கத்தில் பங்கு கொண்டது. கல்யாணத் தரகர் கையில் ஜாதகக் கட்டு இருப்பது போல, எந்த விலங்குக்கு எது பாட்டன், எது பாட்டி என்ற கணக்கு அங்கே உண்டு.

நம் மலைகளில்

காட்டில் இந்தப் பதிவேடு கிடையாது. அங்கே வரன் தானே நடந்து வர வேண்டும். நடக்க வழி வேண்டும்.

சங்க இலக்கியத்தில் வருடை என்று பேர் பெற்ற நம் வரையாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். 2025 கணக்கில் தமிழகமும் கேரளமும் சேர்த்து 2,668. பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரே மந்தை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிகரங்களில் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது. நீலகிரியிலிருப்பவை பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் வர முடியாது. சிகரத்துக்கும் சிகரத்துக்கும் இடையே தேயிலையும் தைல மரமும் சாலையும். தமிழக அரசு 2022-இல் அறிவித்த வரையாட்டுத் திட்டம் எண்ணுவதோடு நில்லாமல், பழைய வாழிடங்களில் அவற்றை மீண்டும் குடியேற்றுவதையும் நோக்கமாக வைத்திருப்பது நல்ல தொடக்கம்.

சிங்கவால் குரங்கின் கதைக்கும் மைசூருக்கும் நெருங்கிய உறவு. மானசகங்கோத்ரியில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேவா சிங் ஆனைமலைக் காடுகளில் பல்லாண்டுகள் அதை ஆராய்ந்தவர். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1996-இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகளைத் திரும்ப வளர்த்து வருகிறது. இந்தக் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண்கள்தான் வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். மரத்துக்கு மரம் தாவிப் பழகிய அது, இடையில் சாலை வந்தால் தரையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. வால்பாறையின் புதுத்தோட்டம் அருகே சாலையின் குறுக்கே மரக் கிளைகளை இணைத்துக் கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள். குரங்குகளும் அவற்றில் நடக்கப் பழகிக் கொண்டன. செலவு கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பாலத்தில் நடப்பது ஒரு குரங்கு மட்டுமல்ல, ஒரு வம்சத்தின் புது இரத்தமும்தான்.

ராத்திரி மூடும் சாலை

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு, முதுமலை, சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன மலை ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொட்டுக் கொண்டிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இத்தனை புலிகள் ஒரே தொடர்ச்சியான காட்டில் இல்லை. 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. கிர் சிங்கத்துக்கும் சிம்லிபால் புலிக்கும் கிடைக்காத பாக்கியம் நம் வட்டாரப் புலிக்குக் கிடைத்திருக்கிறது: நடக்க இடம் இருக்கிறது. பந்திப்பூரில் கேமராவில் பதிவான ஓர் ஆண் புலி 2011-இல் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தள்ளி ஷிமோகா மாவட்டத்து ஷிகாரிப்புரா பக்கத்தில் பிடிபட்டது. கோடுகளை ஒப்பிட்டுத்தான் அது நம் ஊர்ப் புலி என்று கண்டுகொண்டார்கள். வரன் தேடி அத்தனை தூரம் நடந்திருக்கிறது!

அந்த வழியைக் குறுக்கே வெட்டுவது சாலைகள். மத்திய இந்தியப் புலிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, வண்டிகள் மிகுந்த சாலையும் நெருக்கமான குடியிருப்பும் மரபணுப் போக்குவரத்தைத் தடுக்கின்றன என்று தெரிந்தது. மாறாக, ரந்தம்போர் போல நாலு பக்கமும் அடைபட்ட சிறு காட்டின் புலிகளிடம் உறவுக் கலப்பின் அடையாளங்கள் கூடுதலாக இருக்கின்றன.

குண்டல்பேட்டையிலிருந்து கூடலூருக்கும் வயநாட்டுக்கும் பந்திப்பூர் வழியே போகும் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆம்புலன்சுக்கும் ஒரு சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. சாமராஜநகரிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கும் சாலையிலும் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுக் கட்டுப்பாடு வந்தது. கோவை, ஈரோடு, நீலகிரி என்று சொந்த ஊர் உள்ள நம் குடும்பங்களுக்கு இதனால் சிரமம் உண்டு, மறைப்பதற்கில்லை. ஊரில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தால், விடியும் வரை காத்திருக்கவோ, சுற்று வழியில் போகவோ வேண்டியிருக்கிறது. காய்கறி வியாபாரிகளும் லாரி ஓட்டுநர்களும் படும் பாடு வேறு. வயநாட்டு மக்கள் 2019-இல் பெரிய போராட்டமே நடத்தினார்கள். அவர்கள் குறையிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதை "அடிபட்டுச் சாகும் நாலு மானுக்காக நம்மைத் தடுக்கிறார்கள்" என்று மட்டும் பார்த்தால் கணக்கு தவறும். அந்த ஒன்பது மணி நேரத்தில் சாலையைக் கடப்பது அடுத்த தலைமுறையின் மரபுச் செல்வம். தடையால் நமக்கு ஏற்படும் நஷ்டம் ஓர் இரவு. தடையில்லாமல் காடு இரண்டாகப் பிளந்தால் ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு செய்ய, பிறகு கோடிகள் செலவழித்து ஜீனத்தைப் போல் ஒவ்வொரு புலியாகத் தூக்கிச் சுமக்க வேண்டும். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டில் நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் மிருகங்கள் போக வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அதன் கீழே நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மனிதருக்கும் மிருகத்துக்கும் இரு பக்கமும் நியாயமான வழிகள் யோசித்தால் கிடைக்கும். அதுவரை பகலில் கிளம்புவதும், காட்டுக்குள் வேகத்தைக் குறைப்பதும், வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடாமல் இருப்பதும் நம்மால் முடிந்தவை.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் வேரூன்றினோம், கன்னடம் கற்றோம், சம்பந்தமும் கலந்தோம். புது மண்ணும் புது உறவும் ஒரு குடும்பத்துக்கு என்ன வலுவைத் தரும் என்பதை நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. அந்த வாய்ப்பு காட்டில் வாழும் உயிர்களுக்கும் இருக்கட்டும். அடுத்த முறை குண்டல்பேட்டைச் சோதனைச் சாவடியில் கட்டை இறங்கி, பின் இருக்கையில் குழந்தைகள் "ஏன் நிறுத்தறாங்க?" என்று கேட்டால், நவதானியப் பானையின் கதையைச் சொல்லுங்கள். விடிவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.